விதை இல்லாத கத்தரிக்காய்

கத்தரிக்காயை வெட்டினேன். உள்ளே விதை இல்லை.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று, மற்றது இன்னும் மங்கல்தான். காயை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலையணையைக் கிழித்த மாதிரி உள்ளே வெறும் வெள்ளைப் பஞ்சு. இரண்டாவது காயை வெட்டினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதில் ஓரமாக நாலைந்து விதைகள் இருந்தன... அவையும் பொக்கு.

பிஞ்சென்றால் விதை கண்ணுக்குத் தெரியாது. இது பிஞ்சில்லை. கைநிறைந்த, மினுங்குகிற, முற்றத் தொடங்கிய காய்.

பக்கத்தில் சுறாக் கருவாடு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

விதையில்லாத கத்தரிக்காயை ஆக்கித் தின்றால் ஒன்றும் செய்யாது என்று சொல்வீர்கள். பல்லில் சிக்காது, நல்லதுதானே என்றும் சொல்வீர்கள். சரி. ஆனால் அந்தக் காய்களைத் தந்தவள் பிலோமினா. நான் அடுப்பை அணைத்தது அதனால்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் பார்க்கிறவர்களுக்கு எங்கள் கூட்டத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பேசாலையில் எட்டுப் பெண்கள். கடற்கரை மணலில் வீட்டுத் தோட்டம் செய்கிறோம். செயற்கை உரம் இல்லை, பூச்சி மருந்து இல்லை. அப்படித்தான் செய்கிறோம் என்பதற்கு எங்களிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதைக் காப்பாற்றக் கொழும்பிலிருந்து ஒருவரும் வருவதில்லை. எங்களுக்கு நாங்கள்தான் காவல். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், முக்காட்டைக்கூட எடுக்காமல், ஒருத்தியின் தோட்டத்தை மற்ற ஏழு பேரும் சுற்றிப் பார்ப்போம். உரப் பீப்பாவைத் திறப்போம். வீட்டுப் பின்கோடியில் கிடக்கிற வெறும் போத்தலைக்கூடப் புரட்டிப் பார்ப்போம். அதன் பிறகுதான் தேத்தண்ணீர்.

சான்றிதழ் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒன்றே. ஒருத்தி பிழை விட்டால் எட்டுப் பேரும் பிழை விட்டவர்கள். பிழை விட்டவளை வெளியே விட்டால் மட்டும் மற்ற ஏழு பேருக்கும் அது நிற்கும். வெளியே போன தோட்டம் திரும்பி வர இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் காய்கறிகளில் பாதி ஒரு சிறுவர் விடுதிக்குப் போகிறது. அங்கே சமையலைப் பார்க்கிற சிஸ்டர் எங்கள் மரக்கறியைக் கழுவுவார், சோதிக்க மாட்டார். எங்கள் சொல்லே அவருக்குப் போதும்.

பிலோமினா இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். வரும்போது அவள் வளவில் மணலும் எருக்கலையும் மட்டும்தான். பிறகு அவளுடைய மனுசன் வலை இழுக்கும்போது முதுகு பிடித்துப் படுத்தவர்தான். இன்றுவரை எழும்பிக் கடலுக்குப் போகவில்லை. அந்த வீடு ஓடுவது கத்தரியிலும் வெண்டியிலும்தான். இதையும் தெரிந்துகொண்டு மேலே வாசியுங்கள்.

மறுநாள் காலை அவளுடைய படலையைத் திறந்துகொண்டு போனேன். கிணற்றடியில் நின்றாள்.

“என்னக்கா, காலமையே? கறி நல்லா இருந்ததோ?”

“கறி வைக்கேல்லை. உன்ர கத்தரியைப் பாக்க வந்தனான்.”

“பாருங்கோ, வடிவாப் பாருங்கோ. இந்த வருசம் ஆண்டவர் என்ர பக்கம் திரும்பியிருக்கிறார்.”

பார்த்தேன். கத்தரி இடுப்பளவு நிற்கும். இது என் தோளைத் தொட்டது. தண்டு மெலிவு. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே ஒரு சாண் வெளி. இலைகள் ஒடுங்கி, பச்சை வெளிறி... காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளை திடீரென்று உயர்ந்து நிற்குமே, அப்படி. காற்றில் சாயாமல் இருக்க ஒவ்வொன்றையும் பழைய வலைக்கயிற்றால் தடியோடு கட்டியிருந்தாள்.

ஆனால் காய்கள்? கொப்புக்குக் கொப்பு தொங்கின. நிலத்தில் ஒரு பூவைக் காணவில்லை. தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து எங்கள் எல்லோருடைய தோட்டத்திலும் பூக்கள் கொட்டிக்கொண்டிருந்தன. அந்த வெக்கைக்குக் கத்தரி பூவை வைத்திருக்காது. இவளுடையது மட்டும் எப்படிப் பிடித்துக்கொண்டு நின்றது?

“என்ன குடுத்தனீ?”

“எங்கட கடல்பாசித் தண்ணிதான்.”

“நீ ஊறப்போட்டதோ?”

“ஊறப்போடத் தண்ணி எங்கயக்கா? கிணறு உவராப் போச்சு. பாசியில இருக்கிற உப்பைக் கழுவவே ஒரு பீப்பா நல்ல தண்ணி வேணும். குடிக்கிற தண்ணியைக் காசு குடுத்து வேண்டிப் பாசி கழுவுறதோ? கடையில போத்தல்ல வருது. அதை வேண்டினனான்.”

போத்தலை எடுத்து வந்தாள். முன்பக்கத்தில் நீல அலை, நடுவில் பச்சைப் பாசிப் படம். கடல்பாசி என்று தமிழிலேயே பெரிதாக எழுதியிருந்தது. இந்தக் கண்ணோடு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதைக் கூட்டி வாசித்துவிட்டேன். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல ஆங்கிலம். அது எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

“கடைக்காரப் பொடியனும் இயற்கை எண்டுதான் சொன்னவன். கடல்ல இருந்து வாற சாமான் எங்களுக்கு என்ன செய்யப்போகுது?”

இந்தப் பிழையை எங்கள் கரையில் உள்ளவர்கள் மட்டும்தான் விடுவார்கள். கண்டி மலையில் ஒரு தோட்டக்காரி அந்தப் படத்தைப் பார்த்தால் ‘இது என்ன?’ என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள். எங்களுக்குக் கடல் என்ற சொல்லே போதும். அது எத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தாலும், அதிலிருந்து வந்தது என்றால் நாங்கள் கதவைத் திறந்துவிடுவோம்.

நான் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். பிறகு அவளிடம் நீட்டினேன்.

“மணந்து பார்.”

மணந்தாள். திரும்பவும் மணந்தாள்.

“ஒண்டும் மணக்கேல்லை.”

நாங்கள் கரையில் பொறுக்குகிற பாசியை ஊறப்போட்டால் நாலு வீட்டுக்கு அப்பால் சோறு இறங்காது. மீன் குடலையும் பனங்கட்டியையும் போட்டுப் புளிக்க வைக்கிற பீப்பாவோ, சொல்லவே வேண்டாம். எங்கள் கூட்டத்தில் வாய்க்காரி றெஜினா, என்னை மாமி என்று கூப்பிடுகிறவள். “மாமி பீப்பாவைத் திறந்தா, சவத்துக்கு வந்த காகமும் திரும்பிப் போகும்” என்பாள். மணம்தான் எங்கள் முத்திரை.

“வாசத்தை எடுத்திருப்பாங்களோ?” பிலோமினா மெல்லக் கேட்டாள். கேட்கும்போதே அவளுடைய முகம் மாறிவிட்டது.

போத்தலை வாங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். மகன் வயதுப் பிள்ளை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைப்பேசியால் படம் பிடித்து, எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தார்.

“பாசிச் சாறு கொஞ்சம் இருக்குது அம்மா. ஆனா அதோட செடியை வளர்க்கிற செயற்கை ஹோர்மோனும் சேர்த்திருக்கினம். ஒண்டு செடியை நீட்டும். மற்றது பூவைக் கொட்டவிடாது. மகரந்தம் படாட்டியும் காய் பிடிக்கும். அதுதான் விதை இல்லை.”

“நஞ்சோ?”

“நஞ்செண்டு சொல்லமாட்டன். அளவோட அடிக்கிற ஆக்கள் அடிக்கினம், அதில சட்டப் பிழை இல்லை. இவ அளவு தெரியாமல் அடிச்சிருக்கிறா. காயைச் சாப்பிடப் பயப்பட வேண்டாம். ஆனா உங்கட சான்றிதழுக்கு இது ஒத்துவராது.”

அவர் போயிருக்கலாம். நான் விடவில்லை.

“அப்ப நாங்கள் அடிக்கிற முருங்கையிலைச் சாறு? இளநீர்?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “அதுக்குள்ளயும் ஹோர்மோன்தான் அம்மா. முருங்கைக் கொழுந்து அவ்வளவு கெதியா வளர்றதே அதாலதான். அதைத்தான் நீங்கள் அரைச்சு மற்றச் செடிக்குக் குடுக்கிறீங்கள்.”

வீட்டுக்கு வரும்வரை இந்தச் சொல் என்னைக் குடைந்தது. இரண்டும் செடியைத் தள்ளுகிற சாமான்தான் என்றால், எங்கள் பெருமை எதில் இருக்கிறது? முருங்கை மரம் செய்தால் புண்ணியம், தொழிற்சாலை செய்தால் பாவமா?

யோசித்தேன். இயற்கை என்றால் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று நினைக்கக் கூடாது. றெஜினா ஒருதரம் முருங்கைச் சாற்றைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே தெளித்தாள். கீரை சுருண்டு நின்றுவிட்டது. எங்கள் சாற்றுக்கும் பல் உண்டு. ஆனால் அதில் அந்தச் சாமான் கொஞ்சமாக, வேறு எத்தனையோ சத்துகளோடு கலந்து வருகிறது. போத்தலில் அது தனியாக, கூர்மையாக, ஒரே வேலைக்காக வருகிறது. ஒரு மூடி கூடினால் செடி தன் வயதை மறந்துவிடுகிறது. வேரும் தண்டும் பொறுக்க முடியாத சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விதை வைக்கவும் மறந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் எனக்குப் பெரிது. நாங்கள் அடிக்கிறது முருங்கைச் சாறு என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறோம். இதைச் சொல்லவில்லை. செடிக்கு எது போனாலும், தின்னுகிறவருக்கு உண்மை போக வேண்டாமா?

பிலோமினாவிடம் போய்ச் சொன்னேன். அவளுடைய மனுசன் உள்ளே கட்டிலில் கிடந்தபடியால் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொன்னேன். கேட்டபடியே வாளியில் தண்ணீர் அள்ளினாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

“நீங்க மட்டும்தானே அக்கா வெட்டிப் பாத்தனீங்கள்?”

“ஓம்.”

“செடியை இண்டைக்கே பிடுங்கிறன். போத்தலைக் குழி வெட்டித் தாட்டுவிடுறன். முடிஞ்சுது.”

“முடியாது பிள்ளை.”

“ரெண்டு வருசம் நான் எங்க கொண்டுபோய் விக்கிறது? பட்டணத்துச் சந்தையில லொறியில வாற கத்தரிக்காயோட என்ர காயையும் குவிச்சு வைக்கச் சொல்லுறீங்களோ? உள்ள கிடக்கிற மனுசனுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ.”

நான் வாளியை எடுத்துக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

“தெரியாமச் செய்தது பாவமில்லை எண்டு ஞானோபதேசத்தில படிப்பிச்சவைதானே?” என்றாள். குரல் உடைந்திருந்தது.

“பாவமில்லைத்தான். நேற்றுவரைக்கும் உனக்குத் தெரியாது. இண்டையிலிருந்து தெரியும்.”

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் எல்லோருக்கும் சமாதானம் கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கோபப்பட்டேனா? இல்லை. அவளுடைய இடத்தில் நான் நின்றால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த பதில் வரவில்லை. அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

முதல் வெள்ளி வந்தது. றெஜினாவின் வளவில் கதிரைகளைப் போட்டு இருந்தோம். செபமாலை சொல்லி முடிந்தது. பிலோமினா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்து கடைசிக் கதிரையில் இருந்தாள். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் எழும்பினாள்.

“அக்கா சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன்.”

போத்தல் வாங்கியதையும், மூடிக்கணக்கில் கலந்ததையும், பூ கொட்டாமல் நின்றதைப் பார்த்து ஆசையில் திரும்பத் திரும்ப அடித்ததையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு நின்றபடியே இருந்தாள்.

முதலில் றெஜினாதான் வாயைத் திறந்தாள். “ஆருக்குத் தெரியும்? செடியைப் பிடுங்கிப்போட்டுப் பேசாம இருப்பம். மாமிக்குக் கண் தெரியாது. விதை இருந்தது, காணேல்லை எண்டு சொன்னாச் சரி.”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் உதடு துடித்தது.

திரேசம்மா சிரிக்கவில்லை. எங்களில் மூத்தவள், சட்டத்தில் பிடிவாதக்காரி. “சிரிப்பை விடுங்கோ. ஒண்டை மறைச்சா நாளைக்கு எட்டையும் மறைக்க வேணும். பிழை விட்டா வெளிய விடுறதெண்டு நாங்கள்தானே எழுதினனாங்கள்? வெளிய விடுங்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவி என்று பேர் இருந்தால் இப்படித்தான். இனிப்பான நேரத்தில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நான் சொன்னேன், “திரேசம்மா சொல்லுறதுதான் சரி.” சொல்லும்போது பிலோமினா பக்கம் பார்க்கவில்லை.

அப்போதுதான் பிலோமினா சொன்னாள்.

“என்ர தோட்டத்தை வெளிய வையுங்கோ. என்னை வெளிய வைக்காதேங்கோ.”

எங்கள் சட்டத்தில் தோட்டமும் தோட்டக்காரியும் ஒன்று. இரண்டையும் பிரிக்கலாம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பிழையானது நிலம், செடி, ஒரு போத்தல் தண்ணீர். அதற்காக முதல் வெள்ளியில் எங்களோடு நடக்கிற ஒரு மனுசியையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டுமா? இரண்டு வருடம் தனியே இருந்தவள் பிறகு திரும்பி வருவாளா?

முதலில் அசைந்தது திரேசம்மா. பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

“இஞ்ச வந்து இரு பிள்ளை. நிண்டுகொண்டு கதைக்க இதென்ன கோர்ட்டோ?”

பிலோமினா வந்து இருந்தாள். அதன் பிறகு கதைப்பது லேசாக இருந்தது. தோட்டம் வெளியே. செடிகள் அத்தனையும் பிடுங்குவது. அவள் கூட்டத்தில் இருப்பாள், எங்களோடு எல்லாத் தோட்டத்தையும் சுற்றிப் பார்ப்பாள், அவளுக்கும் சொல் உண்டு. இனிமேல் கடையிலிருந்து எந்தப் போத்தல் வந்தாலும் முழுக் கூட்டமும் பார்த்து, எறும்பு எழுத்தை ஆரையாவது கொண்டு வாசித்த பிறகுதான் மூடி திறக்கும்.

“அப்ப என்ர சோறு?” என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது எல்லோருக்கும் கேட்டது.

றெஜினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “என்ர பின்வளவில பாதி சும்மா கிடக்குது. அது சான்றிதழுக்குள்ள இருக்கிற நிலம்தானே. வந்து செய். வாறதில பாதி உனக்கு. ஆனா மீன் பீப்பாவை என்ர அடுப்படிப் பக்கம் வைச்சியெண்டா நான் ஆளாயிருக்கமாட்டன்.”

பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். சோளகக் காலம்தானே.

மறுநாள் அவளுடைய வளவில் கத்தரிகளைப் பிடுங்கினோம். அவ்வளவு உயரச் செடிகள்... ஒரு கையால் இழுக்க வந்துவிட்டன. வேர் அவ்வளவுதான் இருந்தது. அவள் ஒவ்வொன்றாக வலைக்கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்தாள். காய்களைக் குழியில் போடும்போது மட்டும் ஒருதரம் நின்றாள். பிறகு போட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை விடுதிக்கு மரக்கறி கொண்டு போகிற நாள். கொடுக்க ஒன்றுமில்லாவிட்டாலும் பிலோமினா விடியவே வந்துவிட்டாள். எங்கள் கீரையையெல்லாம் இருந்து கட்டினாள். ஓட்டோவில் எங்களோடு ஏறினாள்.

சிஸ்டர் பைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “எங்க பிலோமினா, உன்ர கத்தரிக்காய்? பிள்ளையள் விரும்பிச் சாப்பிட்டவை.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் சொன்ன அதே மாதிரி, அதே வரிசையில்.

சிஸ்டரின் முகம் இறுகியது. “பிள்ளையளுக்கு ஏதும் செய்யுமோ?”

“செய்யாது எண்டு போதனாசிரியர் தம்பி சொன்னவர். எண்டாலும் உங்களுக்குச் சொல்லாம இருக்கேலாது சிஸ்டர்.”

சிஸ்டர் பைக்குள் கைவிட்டு ஒரு கீரைக்கட்டை எடுத்துப் பார்த்தார். இனி உங்கள் மரக்கறியே வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

“அப்ப இனி உன்ர தோட்டத்துக் காய் வராதோ?”

“வராது சிஸ்டர். என்ர தோட்டம் தவத்தில இருக்குது.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“ரெண்டு வருசம்.”

சிஸ்டர் முதலாவது பையைத் தூக்கித் தராசில் வைத்தார். “தவக்காலத்து நாப்பது நாளே எங்களுக்குப் பெரும் பாடாக் கிடக்குது” என்றார்.

பிலோமினா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கீரையை இறக்கினோம். அவள் கட்டிய கட்டு ஒன்றுகூட வழியில் அவிழவில்லை.